பன்னிரண்டு படமாலைகள்

எங்கள் பூக்கடையில் ஒரு வழக்கம் இருந்தது. மாலை வாங்க வருகிறவரிடம் எதற்கு என்று கேட்க மாட்டோம். கல்யாணக்காரர் நாம் கேட்காமலே சொல்லிவிடுவார். கோயிலுக்கு வாங்குகிறவர் எந்தச் சாமிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்வார். ஒன்றும் சொல்லாமல் நீளத்தை மட்டும் சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்கு என்ன நடந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அவர் போகும்போது 'வாங்க' என்றுகூடச் சொல்ல மாட்டோம். அந்தக் காரியத்துக்காக ஒருவர் திரும்பவும் கடைக்கு வரவேண்டும் என்று யார் சொல்வார்கள்?

அந்த வழக்கம் எனக்குப் பொருத்தமாக இருந்தது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். புதிய ஆளிடம் பேச வேண்டியிருந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். சிராங்கூன் ரோட்டில் இருந்த அந்தக் கடையின் உள்பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு இருபது வருஷத்துக்கு மேல் பூக் கட்டினேன். பேச வேண்டியதை முதலாளி பேசிக்கொள்வார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் தொலைபேசியில் ஆர்டர் வந்தது. முதலாளி ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வார்த்தை பேசிவிட்டு என்னிடம் திரும்பி, பன்னிரண்டு படமாலை வேண்டும், எல்லாம் ஒரே நீளம், பெரிய படங்கள், வியாழக்கிழமை காலை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார். எங்கே என்று கேட்டதற்கு, தங்ளின் பக்கம் இருக்கும் பழைய அரண்மனை என்றார்.

படமாலை என்றால் எங்கள் கடையில் இரண்டே வகை. சாமி படத்துக்கு என்றால் ரோஜாவும் ஜிகினாவும் சேரும். இறந்தவர் படத்துக்கு என்றால் சம்பங்கியும் வெள்ளைச் செவ்வந்தியும் மட்டும்தான். முதலாளி சாமி என்று சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. வியாழன் விடிகாலையில் எழுந்து பன்னிரண்டையும் சம்பங்கியில் கட்டினேன்.

கடை வேன் ஓட்டுகிறவர் என்னையும் மாலைக் கூடைகளையும் அரண்மனை வாசலில் இறக்கிவிட்டு, இன்னொரு வேலை இருக்கிறது, அரை மணியில் வருகிறேன் என்று போய்விட்டார். ஒரு காலத்தில் மலாய் அரச குடும்பத்தார் இருந்த இடமாம். பிறகு வெகு காலம் பூட்டிக் கிடந்து, இப்போது ஏதோ கலை அறக்கட்டளையிடம் இருந்தது. மஞ்சள் பூச்சு, உயரமான தூண்கள், மரச்சட்டம் வைத்த ஜன்னல்கள். உள்ளே ராஜா உட்கார்ந்த நாற்காலியாவது இருக்கும் என்று நினைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய வீட்டுக்குள் செருப்போடு போக எனக்கு மனசு வரவில்லை.

ராஜா நாற்காலி எதுவும் இல்லை. முதல் அறையில் கப்பல் கயிறு மலைபோலக் குவிந்து கிடந்தது. யாரோ எடுத்து வைக்க மறந்துவிட்டார்கள் என்று சுற்றிப் போனேன். அடுத்த அறையில் தரையெல்லாம் ரேடியோப் பெட்டிகள், எல்லாம் மெல்லிய குரலில் வேறு வேறு பாஷையில் பேசிக்கொண்டிருந்தன. அதற்கடுத்த அறையில் ஒரு சம்பான் படகை நெடுக்காக இரண்டாக அறுத்து வைத்திருந்தார்கள். நல்ல படகு. அதை யார் அறுத்தார்கள், எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனாலும் அந்த இரண்டு பாதிகளுக்கு நடுவே நடந்து போனபோது உடம்பு சிலிர்த்தது.

கடைசிக் கூடத்தில் ஒரு சீனப் பெண் எனக்காகக் காத்திருந்தாள். முப்பது வயதிருக்கும். ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் கேமரா தொங்கவிட்டிருந்தாள். என்னிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். நான் விழித்ததைப் பார்த்து மலாய்க்கு மாறினாள். சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், ஒவ்வொன்றும் ஆள் உயரம். உழைக்கும் மனிதர்கள். காவடிக் கூடை சுமக்கும் சீனக் கிழவி, படகோட்டி, வாயிற்காவல்காரர், மீன் வெட்டுகிற அம்மாள். பன்னிரண்டு படங்கள். மாலைகளை நானே போட்டுவிட முடியுமா என்று அவள் கேட்டாள். முக்காலி ஒன்று கொண்டுவந்து வைத்தாள்.

எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை வந்தது. இப்படிப்பட்டவர்கள் செத்தால் யார் படம் மாட்டுகிறார்கள்? ஓர் அரண்மனையில் அவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் மாலை போட்டதும் அவளுக்குத் தெரியாமல் ஒரு கும்பிடு போட்டேன். படத்துக்குக் கீழே சிறிய அட்டையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது. அதை என்னால் படிக்க முடியாது. முடிவில் இருந்த ஆண்டை மட்டும் படிக்க முடிந்தது. அது அவர்கள் போய்ச் சேர்ந்த ஆண்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது படத்தின் கீழே முக்காலியைப் போட்டு ஏறி, மாலையை இரண்டு கையிலும் விரித்துக்கொண்டு நிமிர்ந்தேன். என் தம்பி.

விமானச் சரக்குக் கிடங்கின் சட்டை போட்டுக் கைகட்டி நின்றிருந்தான். சிரித்தால் மேல்வரிசையில் ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறித் தெரியும். அந்தப் பல் தெரிந்தது. முடி கொஞ்சம் கொட்டியிருந்தது. அட்டையில் போட்டிருந்தது போன வருஷம்.

அந்தப் பெண் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாலையைப் போட்டேன். கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினேன். போதும் என்றாள். இறங்கி, முக்காலியை எடுத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனேன். மீதி மூன்று மாலையையும் போட்டு முடித்தேன். அவள் நன்றி சொன்னாள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்து வாசலில் வேனுக்குக் காத்திருந்தேன்.

செத்துப் போனதற்கு மலாயில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? இந்த ஊரில் பிறந்தவன். 'மாத்தி'. ஒரே சொல். அந்தப் படத்தைக் காட்டி அந்த ஒரு சொல்லைக் கேள்வியாகச் சொல்லியிருந்தால் அவள் இல்லை என்று சொல்லியிருப்பாள். நான் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. அது வெட்கமா, பயமா, கடை வழக்கமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எதுவானாலும் கேட்கவில்லை.

தம்பியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். என்னைவிட ஏழு வயது இளையவன். எங்கள் அப்பா அம்மா இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டதால் பெரியப்பா வீட்டில் வளர்ந்தோம். எழுபதுகளில் அவனும் நானும் ஒரே பலகையில் உட்கார்ந்து பூக் கட்டியிருக்கிறோம். எனக்கு நேர்மாறு. வாய் ஓயாது. வாடிக்கையாளரிடம் எதற்கு மாலை என்று கேட்டு முதலாளியிடம் திட்டு வாங்குவான். பிறகு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனான். குவீன்ஸ்டவுன் பக்கத்து மாதா கோயிலைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போனது. வேதக்காரப் பெண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு அழைத்து வந்தான். கையில் பேப்பரில் சுற்றிய கேக்கோடு வாசற்படிக்கு உள்ளே ஓரடியில் அந்தப் பெண் நின்றாள். உட்காரச் சொல்ல வேண்டியவர் பெரியப்பா. அவர் சொல்லவில்லை. அவளுடைய சாதியைக் கேட்டார். அவளுடைய தகப்பனார் என்ன கூலிக்கு மதம் மாறினார் என்று கேட்டார். பூக்கடைக்காரனுக்குச் சிலுவை எதற்கு, சவப்பெட்டிக்கு மலர்வளையம் கட்டவா என்று கேட்டார். அவள் கேக்கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி என்னைப் பார்த்தான்.

“நீ சொல்லுண்ணே. நீ வேணாம்னா விட்டுடறேன். சரின்னா சரி. ஏதாச்சும் சொல்லு.”

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. பெரியப்பா பேசியது தப்பு என்றும் தெரிந்திருந்தது. பாயில் பிரிந்து கிடந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்கிறவரையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மாதா கோயிலில் கல்யாணம் நடந்ததும், இரண்டு பிள்ளைகள் பிறந்ததும், மார்சிலிங்கில் வீடு கிடைத்ததும் மற்றவர் சொல்லித்தான் தெரியும். ஏழெட்டு வருஷம் அப்படியே போய்விட்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்த வருஷம் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பேன். கடையில் தீபாவளி நேரத்து வேலை அப்படி. பொங்கலுக்குப் போகலாம் என்று வைப்பேன்.

அரண்மனையிலிருந்து வந்ததும் கடையில் சொல்லிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன். அப்போது கடைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடியில் குடியிருந்தோம். குளியலறைக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சாவைத் தாமதமாகக் கேள்விப்பட்டாலும் கேட்டவுடன் குளிக்க வேண்டும் அல்லவா. ஈரத்தோடு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அழுதாள். அழுது முடித்தபின் கேட்டாள்.

“யார்கிட்டயாவது கேட்டீங்களா?”

மாலை போட்டிருந்தது என்றேன். வருஷம் போட்டிருந்தது என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“மார்சிலிங் ஒண்ணும் மலாக்கா இல்லைங்க. ஒரு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க. நானும் வரேன்.”

வாரக் கடைசியில் போகலாம் என்றேன். போய் என்ன முகத்தோடு நிற்பது? செத்தே ஒரு வருஷம் ஆகிவிட்டது, அவன் மனைவி நமக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்பாதது நியாயம்தான். நாம் அவளுக்கு என்ன செய்தோம்? இப்படி யோசித்துக்கொண்டே இரண்டு நாளைக் கடத்தினேன். அதற்குள் செய்தி பெரியப்பாவுக்குப் போய்விட்டது.

பெரியப்பா அழவில்லை என்று சொன்னால் பொய். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பிறகு எல்லாவற்றையும் தம் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு வருஷமாக ஆத்மா தண்ணீர் இல்லாமல் அலைகிறது என்றார். அவன் பிள்ளைகள் ஞானஸ்நானம் வாங்கியவர்கள், யார் பிண்டம் போடுவார்கள் என்றார். இளையவனுக்கு மூத்தவன் செய்வது முறையில்லை என்று ஐயர் தயங்கினார். வேறு ஆள் இல்லை, செய்யட்டும் என்று பெரியப்பா அவரைச் சம்மதிக்க வைத்தார். என் மனைவி இரண்டு முறை ஏதோ சொல்ல வந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஐயர் எழுதிக்கொடுத்த சாமான் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை சாங்கிக் கடற்கரையில் காரியம் நடந்தது. மீசையை எடுத்தேன். ஐயர் சொல்லச் சொல்லத் தம்பியின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். பிண்டத்தைக் கடலில் கரைத்துவிட்டு மூன்று முறை முங்கினேன். தலைக்கு மேலே நிமிஷத்துக்கு ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கேதானே வேலை பார்த்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் ஒரு மைல் தள்ளி அவன் பெட்டி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை. பூக்கூடைக்கு முன்னால் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். படத்தில் போட்டிருந்த அதே சட்டையோடு நின்றான். கையில் மடித்த தமிழ்ப் பேப்பர்.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அதை என்னால் எப்படியும் விளக்க முடியாது. மடியில் இருந்த பூவெல்லாம் கொட்ட எழுந்து நின்று பல் தெரியச் சிரித்தேன். மீசை இல்லாத முகத்தோடு. அவன் அதைப் பார்த்தான்.

“உயிரோடதான் இருக்கேண்ணே. நல்லாப் பாத்துக்க.”

பேப்பரை விரித்துப் பலகையில் போட்டான். பெரியப்பா கொடுத்திருந்த விளம்பரம். தம்பியின் பதினெட்டு வயதுப் படம், கீழே கண்ணீர் அஞ்சலி, அதற்குக் கீழே முதல் பெயராக என் பெயர். எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். முதலாளி முந்திக்கொண்டு, உட்காரு தம்பி, தப்பு நடந்துபோச்சு என்றார். அவன் அவர் பக்கமே திரும்பவில்லை.

“கேன்டீன்ல வச்சுப் படிக்கிறாங்க. ஒருத்தன் எந்திரிச்சு நின்னு எனக்கு ஒரு நிமிஷ மௌனம் லா. எல்லாரும் சிரிக்கிறான். நானும் சிரிச்சேன். வேற என்ன செய்றது?”

“அரண்மனையில உன் படத்துக்கு மாலை போட்டிருந்துச்சுடா” என்றேன். அது ஒன்றுதான் வந்தது.

“நீதானே போட்ட?”

காலடியில் கொட்டிக் கிடந்த பூவைப் பார்த்தேன்.

“கண்காட்சி திறப்பு நாளன்னிக்குக் குடும்பத்தோட போயிருந்தோம். அந்தப் பொண்ணு எல்லாரையும் கூப்பிட்டிருந்துச்சு. மாலையைப் பாத்ததுமே தெரிஞ்சுது, உன் கட்டு. உன்னோட ஒரே பலகையில உக்காந்தவன், எனக்குத் தெரியாதா? வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், எங்கண்ணன் வந்து எனக்கு மாலை போட்டிருக்கான், கோபமெல்லாம் போயிடுச்சுன்னு. பிள்ளைங்களுக்கெல்லாம் காட்டினேன், உங்க பெரியப்பா கட்டினதுன்னு.” பேப்பரை மறுபடி மடித்தான். “போன வாரம் ட்யூட்டி. நாளைக்கு மாதா கோயில் பூசை முடிஞ்சு எல்லாரும் இங்க வரலாம்னு இருந்தோம்.”

அவனைப் பொறுத்தவரை, விமான நிலையத்தில் பெரிய ஆட்கள் வந்து இறங்கும்போது கழுத்தில் விழுவதுதான் மாலை. சம்பங்கி எதற்கு என்று தெரிந்தவன்தான், ஆனால் அண்ணன் கட்டியது என்ற சந்தோஷத்தில் அது அவனுக்குக் கௌரவமாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் வேறாகத் தெரிந்தது. இதையெல்லாம் அப்போதே சொல்லியிருக்கலாம். யாரையும் கேட்காமல் விட்டது என் தப்பு, உன்னைத் தலைமுழுக நினைத்துச் செய்ததில்லை, நீ போய்விட்டாய் என்று நினைத்துத்தான் இந்தப் பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். உயிரோடு இருக்கிறவனுக்குப் பிண்டம் வைப்பது எங்கள் ஆட்களிடையே எதற்குச் செய்வது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓடிப்போன மகளுக்குச் செய்வார்கள். இனி நீ எனக்கு இல்லை என்பதற்குச் செய்வார்கள். கல்யாணம் முடிந்து ஏழெட்டு வருஷம் கழித்து, நாள் பார்த்து, பேப்பரில் போட்டு நாங்கள் அதைச் செய்திருக்கிறோம் என்றுதான் அவன் புரிந்துகொண்டான். வேறு எப்படிப் புரிந்துகொள்வான்?

“எத்தனை நாளா காத்திருந்தீங்க எல்லாரும்?” என்று கேட்டான். கத்தவில்லை. பதிலுக்குக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். முதலாளி என் தோளைப் பிடித்துத் தள்ளினார், ஓடு, பின்னாலே ஓடு என்று. நான் கடை வாசல் வரை போனேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் அவன் சட்டை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில், “அப்ப நல்லாத்தான் இருக்கானா?” என்று மட்டும் கேட்டார். ஐயர், இப்படி நடந்தால் அதற்கும் பரிகாரம் உண்டு, ஆளைக் கூட்டிவந்து பிறந்த குழந்தைக்குச் செய்கிற மாதிரி மறுபடி பெயர் வைத்துவிடலாம் என்றார். மாதா கோயிலில் ஏற்கெனவே அவனுக்கு வேறு பெயர் வைத்தாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை.

மறு வாரம் அரண்மனைக்கு மறுபடி போனேன், இந்தத் தடவை தனியாக. பஸ்ஸில் போகும் வழியெல்லாம் மலாயில் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்தச் சீனப் பெண் கூடத்தில்தான் இருந்தாள். என் பூக்கள் காய்ந்து பழுப்பாகியிருந்தன. மாற்றாமல் வேண்டுமென்றே அப்படி விட்டிருந்தாள். உதிர்ந்த இதழ்களைத் தரையில்கூடப் பெருக்கவில்லை. நான் ஒன்பதாவது படத்தைக் காட்டி, இவன் என் தம்பி என்றேன். அவள் மகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மீதியையும் சொன்னேன். என் மலாய் சந்தை மலாய். அதற்குள் இவ்வளவு பெரிய விஷயத்தை அடைக்க வெகு நேரமானது. புரிந்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அட்டையில் இருந்தது படம் எடுத்த ஆண்டாம். இந்தியாவில் சுற்றியபோது வீடு வீடாக மாலை போட்ட படங்களைப் பார்த்திருக்கிறாள். ரொம்பப் பிரியமானவர்களுக்குத்தான் போடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அது சரிதானே?” என்று என்னைக் கேட்டாள்.

சரிதான் என்றேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பன்னிரண்டு பேருக்கு மாலை போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. உயிரோடு இருக்கிற தம்பிக்கு ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு போக எனக்குத் தோன்றவில்லையே.

தம்பி படத்திலிருந்து மட்டும் மாலையை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவள் சற்று யோசித்தாள். பன்னிரண்டு படமும் சேர்ந்து ஒன்று என்று அவள் மனதில் கணக்கு இருந்திருக்கும். ஆனாலும் முக்காலியை அவளே கொண்டுவந்தாள். எடுத்த பிறகு, மாலை இல்லாமல் தம்பி என்னைப் பார்த்துச் சிரிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவனை அவ்வளவு நேரம் முகம் பார்த்து நின்றது அதுதான் கடைசி. தான் படம் பிடித்த ஆட்களின் விலாசங்களை அவள் வைத்திருந்தாள். தம்பியின் அடுக்குமாடி புளோக் நம்பரையும் வீட்டு நம்பரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே மனைவியோடு மார்சிலிங் போனேன். ஏழாவது மாடி. இரும்புக் கதவுக்குப் பின்னால் தம்பியின் மனைவி வந்து நின்றாள். கொஞ்சம் பருத்திருந்தாள். கும்பிட்டாள். அவர் ட்யூட்டிக்குப் போய்விட்டார் என்றாள். வாசலில் அவனுடைய வேலைக்குப் போடும் பூட்ஸ் சப்பாத்து ஈரத்தோடு காய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி எல்லாவற்றையும் விவரமாக, நன்றாகச் சொன்னாள். என்னைவிட ஆயிரம் மடங்கு நன்றாகச் சொன்னாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். நம்பினாள் என்றே நினைக்கிறேன். கம்பி வழியாகத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நான் சொல்லிப் பாக்கறேன் மாமா. ஆனா அன்னைக்கும் நீங்க ஒண்ணும் சொல்லலை. இன்னைக்கும் அக்காதான் சொல்றாங்க.”

அவள் பேச்சில் கோபம் இல்லை. உள்ளே ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தம்பி, நான்தான் என்று உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். மனைவி என் முழங்கையைத் தொட்டாள். தண்ணீர்க் குவளையைக் கம்பி வழியாகத் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகவே மார்சிலிங் போக ஆரம்பித்தேன். அந்தப் புளோக்குக்குக் கீழே ஒரு காப்பிக் கடை. ஒரு தே ஓ, பால் விடாத தேநீர், வாங்கிக்கொண்டு ஓரத்து மேசையில் உட்காருவேன். பதினோரு மணி வாக்கில் பூசை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிக் கார் நிறுத்தும் இடத்தைக் குறுக்கே கடந்து வருவார்கள். தம்பி சின்னவளைத் தூக்கிக்கொண்டு வருவான். முதல் இரண்டு வாரம் அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது வாரம் பார்த்துவிட்டான். நின்றான். பாதித் தேநீரோடு நானும் எழுந்து நின்றேன். எங்களுக்கு நடுவே இரண்டு மேசைகள்தான் இருந்தன. அவன் எனக்கு நேரம் கொடுத்தான் என்றே சொல்ல வேண்டும். பிறகு குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு மின்தூக்கிப் பக்கம் போனான்.

அடுத்த வாரம் சொல்லிவிடுவது என்று தீர்மானமாகப் போனேன். பதினோரு மணி ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று, அவர்கள் வரவில்லை. தேநீருக்குக் கொடுத்துவிட்டு எழுந்து பின்பக்கமாக நடந்தபோது பார்த்தேன். முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி, பெரிய சாக்கடைக்கு அந்தப் பக்கம் நிழல் இல்லாத பாதையில், புளோக்கை முழுதும் சுற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். தம்பி முன்னால் நடந்தான். அவன் மனைவி சின்னவள் தலைக்குக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நல்ல வெயில்.

அதோடு போவதை நிறுத்திவிட்டேன். நான் அங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் குழந்தை வெயிலில் அவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கும்.